பெயரேடும் முகவரிப் பதிவேடும்: டிஎன்எஸ் பாதுகாப்பு, ஐபி முகவரி மேலாண்மை ஆகியவற்றின் வரலாறு

டிஎன்எஸ் எனச் சுருக்கமாக வழங்கப்படும் களப் பெயர் முறைமை, மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளும் பெயர்களைக் கணினிகள் பயன்படுத்தும் ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் இணையப் பதிவேடு ஆகும். ஐபி முகவரி மேலாண்மை என்பது, ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் எந்த முகவரி எந்தக் கருவிக்கு, எப்போது, யாரால் வழங்கப்பட்டது என்பதைக் கணக்கில் வைக்கும் பணி. முன்னது பெயரேடு, பின்னது எண்ணேடு. இவை இரண்டும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பாகத் தொடங்கி, பல கைகளுக்குப் பிரிந்து, அதனால் எழுந்த சிக்கல்களைத் தீர்க்க மீண்டும் ஓரிடத்தில் கூடியதே இந்தத் துறையின் ஐம்பதாண்டு வரலாறு. இன்று ஒரு வங்கியோ ஆலையோ மருத்துவமனையோ இணையத்தில் இயங்குவதும் முடங்குவதும் பெரும்பாலும் இந்த இரு ஏடுகளின் உண்மைத்தன்மையைப் பொறுத்தே அமைகிறது.

ஒரே கோப்பு, ஒரே அலுவலகம்

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதில் இணைந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் 'ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட்' என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையம் அக்கோப்பைப் பராமரித்தது. 1972 முதல் 1989 வரை அம்மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். புதிய கணினியைச் சேர்க்க விரும்புவோர் மையத்துக்குத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிப்பார்கள். மையத்தினர் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பார்கள். மற்ற இடங்களில் உள்ளவர்கள் அவ்வப்போது அக்கோப்பைப் பதிவிறக்கிக்கொள்வார்கள்.

எண்களின் கணக்கை வைத்திருந்தவர் ஜான் போஸ்டல். நெறிமுறைகளுக்கு உரிய எண்களை யாராவது ஒருவர் பொறுப்பேற்று வழங்க வேண்டும் என்று 1972இல் எழுதிய அவர், 1998இல் மறையும்வரை அப்பொறுப்பைத் தாமே சுமந்தார். அவர் பணியாற்றிய தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தகவல் அறிவியல் நிறுவனத்தில் நடந்த இப்பணியே பின்னாளில் 'ஐயானா' எனப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் தனியாகப் பாதுகாப்பு என்று ஒன்று தேவைப்படவில்லை. ஒரு பதிவு உண்மையா என்ற ஐயம் எழுந்தால் கேட்க ஓர் அலுவலகம் இருந்தது. அங்குள்ளவர்களைப் பெரும்பாலான பயனர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். ஆனால் கணினிகளின் எண்ணிக்கை பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. கோப்பு நீண்டது, மாற்றங்கள் நாள்தோறும் குவிந்தன, ஓரிடத்தில் பதிவிறக்கிய படி இன்னோரிடத்துப் படியோடு ஒத்துப்போகவில்லை.

பகிர்ந்து வைக்கப்பட்ட பதிவேடு

1983 சனவரி 1 அன்று ஆர்பாநெட் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ், ஆர்எஃப்சி 882, 883 ஆகிய ஆவணங்களில் களப் பெயர் முறைமையை முன்வைத்தார். 1987இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1034, 1035 ஆகியவை அதைத் திருத்தி நிலைநிறுத்தின. அடிப்படை வடிவம் இன்றும் அதுவே.

அதன் கருத்து எளிது. முழுப் பதிவேட்டையும் யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை. உச்சியில் உள்ள ரூட் வழங்கிகளுக்கு '.காம்' எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். '.காம்' வழங்கிகளுக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர் வழங்கியும் எங்கே என்பது தெரியும். நிறுவனத்தின் வழங்கிக்குத் தன் கணினிகளின் பெயர்கள் தெரியும். பயனர் சார்பில் இந்த வரிசையில் கேட்டு விடை பெற்றுத் தருவது ரிசால்வர் எனப்படும் வழங்கி. ஒருமுறை பெற்ற விடையை அது குறிப்பிட்ட காலம் தன் கேஷில் வைத்திருக்கும். மீண்டும் யாராவது கேட்டால் அங்கிருந்தே கொடுக்கும்.

பெர்க்லியில் உருவான 'பைண்ட்' மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது. 1985 மார்ச் 15 அன்று 'சிம்பாலிக்ஸ்.காம்' முதல் '.காம்' பெயராகப் பதிவானது. பெருக்கச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் பழைய ஏற்பாட்டில் தானாகக் கிடைத்த ஒன்று இதில் விடுபட்டுப் போயிற்று. வந்த விடை உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று அறிய ரிசால்வருக்கு வழி இல்லை. கேள்வியோடு அனுப்பிய 16 பிட் அடையாள எண், அதாவது 65,536 எண்களில் ஒன்று, விடையிலும் இருந்தால் போதும், அது ஏற்றுக்கொள்ளும்.

முதல் விரிசல்கள்

இக்குறையின் விளைவை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஏடி&டி பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெலோவின். அக்காலத்துக் கணினிகள் பலவற்றில் 'இந்தப் பெயருள்ள கணினியிலிருந்து வருபவரைக் கடவுச்சொல் இன்றி உள்ளே விடு' என்ற ஏற்பாடு இருந்தது. வருபவரின் எண்ணைக் கொண்டு பெயரைக் கண்டறியும் தலைகீழ்ப் பதிவு, அந்த எண்ணின் உரிமையாளர் கையிலேயே இருக்கும். ஆகவே தாக்குபவர் தன் எண்ணுக்கு நம்பகமான கணினியின் பெயரைத் தானே எழுதிக்கொள்ளலாம். பெலோவின் இதுபற்றிய கட்டுரையை 1990இல் எழுதினார். தீங்கு விளைவிப்போருக்கு அது வழிகாட்டிவிடும் என்று கருதி, 1995 வரை வெளியிடாமல் வைத்திருந்தார்.

1997 சூலையில் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. களப் பெயர்ப் பதிவு ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதை எதிர்த்து வந்த 'ஆல்டர்நிக்' நிறுவனர் யூஜின் காஷ்புரெஃப், ரிசால்வர்களின் கேஷில் பொய்ப் பதிவைப் புகுத்தினார். அதிகாரப்பூர்வப் பதிவகமான 'இன்டர்நிக்' தளத்தைத் தேடிச் சென்றோர் அவருடைய தளத்துக்குச் சென்று சேர்ந்தனர். அவர் பின்னர் கனடாவில் கைதாகி, அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெயர்களைப் பதிவு செய்யும் தளத்தின் பெயரையே திருப்பிவிட முடிந்தது என்பதுதான் இந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

அதே ஆண்டு சனவரியில் ஆர்எஃப்சி 2065 வெளிவந்திருந்தது. ஒவ்வொரு விடையோடும் டிஜிட்டல் கையொப்பம் அனுப்பும் டிஎன்எஸ்செக் முறையின் முதல் வரையறை அது. 1999இல் ஆர்எஃப்சி 2535 அதைத் திருத்தியது. இரண்டும் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. ஒரு மண்டலத்தின் சாவி மாறும்போதெல்லாம் மேல் மண்டலத்தோடு நீண்ட பரிமாற்றம் தேவைப்பட்டது. இலட்சக்கணக்கான பெயர்கள் உள்ள '.காம்' போன்றவற்றுக்கு அது இயலாத காரியம். கீழ் மண்டலச் சாவியின் சுருக்கத்தை மட்டும் மேல் மண்டலத்தில் பதிக்கும் டிஎஸ் பதிவு இச்சிக்கலைத் தீர்த்தது. 2005 மார்ச்சில் ஆர்எஃப்சி 4033, 4034, 4035 ஆகியவையாக இன்றைய வடிவம் வெளிவந்தது. அந்த ஆண்டே சுவீடன் தன் '.எஸ்இ' மண்டலத்துக்குக் கையொப்பமிட்டது. மற்றவர்கள் அவசரம் காட்டவில்லை.

நிறுவனத்துக்குள் எண்கள்

பெயரேட்டில் இவை நடந்துகொண்டிருக்க, எண்ணேடு நிறுவனங்களின் கைக்கு வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் வலையமைப்பு நிர்வாகி ஒவ்வொரு கணினிக்கும் நடந்துசென்று முகவரியைக் கையால் பதிப்பார், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1985இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகியோர் எழுதிய 'பூட்பி' நெறிமுறை, கணினி இயங்கத் தொடங்கும்போதே முகவரியைக் கேட்டுப் பெற வழி செய்தது. ரால்ஃப் டிராம்ஸ் 1993இல் வெளியிட்ட டிஎச்சிபி நெறிமுறை முகவரியைக் குத்தகைக்கு விட்டது. கணினி கேட்கும், வழங்கி சில மணி நேரத்துக்கோ சில நாட்களுக்கோ ஒரு முகவரி தரும், காலம் முடிந்தால் அம்முகவரி வேறொருவருக்குப் போகும்.

இதனால் உழைப்பு பெரிதும் குறைந்தது. அதோடு, 'இந்த முகவரி யாருடையது' என்ற கேள்விக்கு 'எந்த நேரத்தில்' என்ற மறுகேள்வியும் சேர்ந்துகொண்டது. குத்தகைப் பதிவுகளைச் சேமிக்காத நிறுவனத்தில், நேற்று நள்ளிரவில் கோப்புகளைத் திருடிய முகவரி எந்தக் கணினியினுடையது என்று இன்று சொல்ல இயலாது. மேலும் டிஎச்சிபியில் வழங்கியின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு ரவுட்டரை அலுவலக வலையில் செருகினால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். அந்த முகவரியோடு தவறான பெயர் வழங்கியின் எண்ணும் சேர்ந்தே போகும். இதைத் தடுக்க, குறிப்பிட்ட முனைகளிலிருந்து வரும் டிஎச்சிபி விடைகளை மட்டும் அனுமதிக்கும் வசதி சுவிட்சுகளில் பின்னர் சேர்க்கப்பட்டது.

எண் பற்றாக்குறையும் அப்போதே தெரிந்தது. ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம் கொண்டது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். ஆனால் அவை 1.68 கோடி, 65,536, 256 என்ற மூன்று அளவுகளில் மட்டுமே வழங்கப்பட்டதால் பெருமளவு வீணாயின. 1993இல் தேவைக்கேற்பப் பிரித்துத் தரும் சிஐடிஆர் முறை வந்தது. 1994இல் ஆர்எஃப்சி 1597 மூலமும், 1996இல் அதைத் திருத்திய ஆர்எஃப்சி 1918 மூலமும், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியவை யாரும் தம் வளாகத்துக்குள் பயன்படுத்தலாம் என ஒதுக்கப்பட்டன.

இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1994 சூலையில் வெளியான ஆர்எஃப்சி 1627, ஒரே எண் பல இடங்களில் இருப்பது முகவரியின் தனித்தன்மையைக் குலைக்கும் என வாதிட்டது. அந்த அச்சம் வீண்போகவில்லை. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இருவரிடமும் 10.1.1.5 இருக்கும், ஒன்று சம்பளக் கணக்கு வழங்கியாகவும் மற்றொன்று அச்சுப்பொறியாகவும் இருக்கலாம். பொது முகவரிகளுக்கு உலக அளவில் பதிவகங்கள் இருந்தன. தனி முகவரிகளின் பதிவகம் அந்தந்த நிறுவனத்தின் எக்செல் தாளாக இருந்தது. அதை ஒருவர் திறந்து திருத்தும்போது இன்னொருவர் தன் பழைய படியைத் திருத்திக்கொண்டிருப்பார். ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் காலத்துச் சிக்கல் ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் மறுபடி தோன்றியது.

பெயரும் எண்ணும் சேர்ந்த இடம்

முகவரி மாறிக்கொண்டே இருந்தால் பெயரேடும் உடனுக்குடன் மாற வேண்டும். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2136, பெயர் வழங்கியில் உள்ள பதிவுகளைக் கருவிகளே புதுப்பிக்க வழி தந்தது. 2000இல் வெளியான விண்டோஸ் 2000, தன் ஆக்டிவ் டைரக்டரியை டிஎன்எஸ் மீதே கட்டியது. ஊழியர் கணினியில் நுழைவது, கோப்புகளைத் திறப்பது, அச்சிடுவது யாவும் அதன்பின் பெயர் வழங்கியைச் சார்ந்தன. யார் வேண்டுமானாலும் பதிவைத் திருத்தும் ஆபத்தைத் தடுக்க, 2000இல் பகிர்ந்த சாவி கொண்டு சரிபார்க்கும் டிசிக் முறை வரையறுக்கப்பட்டது. விண்டோஸ் சூழலில் நுழைவுச் சான்றோடு இணைந்த பாதுகாப்பான புதுப்பித்தல் வந்தது.

பதிவுகள் தாமாகச் சேர்ந்தன, தாமாக அழியவில்லை. அகற்றப்பட்ட கணினிகளின் பெயர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கின. பழைய பதிவுகளைக் களையும் வசதி விண்டோஸ் பெயர் வழங்கியில் உண்டு. ஆனால் நிர்வாகி முனைந்து இயக்கினால்தான் அது செயல்படும்.

உள்வலைக்குப் பெயர் சூட்டியதிலும் ஒரு பொறி இருந்தது. ஆக்டிவ் டைரக்டரியின் தொடக்கப் பதிப்புகளில் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட 'கார்ப்' என்ற பெயரைப் பல நிறுவனங்கள் அப்படியே வைத்துக்கொண்டன. அலுவலகத்துக்குள் அது அவர்களுடைய வழங்கியைக் குறித்தது. அதே மடிக்கணினி ஒரு காபிக் கடையின் வைஃபையில் இணைந்தபோது, கேள்வி பொது இணையத்துக்குப் போய், 'கார்ப்.காம்' என்ற உண்மையான களத்தைத் தட்டியது. அக்களம் 1994 முதல் ஒரு தனிநபரிடம் இருந்தது. 2019இல் நடந்த ஆய்வில், இலட்சக்கணக்கான விண்டோஸ் கணினிகள் நுழைவுச் சான்றுகள் உள்ளிட்ட தகவல்களை அந்த முகவரிக்கு அனுப்ப முயல்வது தெரிந்தது. 2020இல் மைக்ரோசாஃப்ட் அக்களத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. உள்வலைப் பயன்பாட்டுக்கென '.இன்டர்னல்' என்ற பெயரை ஐகான் அமைப்பு நிரந்தரமாக ஒதுக்கியது 2024இல்தான்.

2008: எல்லோரையும் எழுப்பிய குறை

2008இன் தொடக்கத்தில் டான் காமின்ஸ்கி கண்டறிந்த குறை, டிஎன்எஸ் பாதுகாப்பு வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை, கேஷில் பொய்ப் பதிவைப் புகுத்த முயல்பவர் ஒருமுறை தோற்றால், உண்மையான விடையின் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று நம்பப்பட்டது. காமின்ஸ்கி அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் வழியைக் கண்டார். இல்லாத பெயர்களாகவே தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ரிசால்வரைக் கேட்கச் செய்வது. ஒவ்வொரு கேள்விக்கும் பொய் விடைகளைப் பொழிவது. அந்த விடையில் 'இக்களம் முழுவதற்கும் பெயர் வழங்கி இன்ன முகவரியில் உள்ளது' என்ற கூடுதல் குறிப்பைச் சேர்ப்பது. 65,536 அடையாள எண்களில் ஒன்று எப்போதாவது பொருந்தும். பொருந்திய நொடியில் அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் அனைவருக்கும், ஒரு வங்கியின் முழுக் களமும் தாக்குபவர் கைக்குப் போய்விடும். இதற்குச் சில விநாடிகள் போதும்.

குறை ஒரு மென்பொருளில் இல்லை, நெறிமுறையிலேயே இருந்தது. மார்ச் 31 அன்று ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் பதினாறு வல்லுநர்கள் இரகசியமாகக் கூடினர். பல நிறுவனங்களின் திருத்தங்களும் சூலை 8 அன்று ஒரே நாளில் வெளியாயின. கேள்வி அனுப்பும் முனை எண்ணையும் ஒவ்வொரு முறையும் தற்போக்கில் மாற்றுவதே திருத்தம். இதனால் தாக்குபவர் ஊகிக்க வேண்டிய சேர்க்கைகள் 65,536இலிருந்து சுமார் 400 கோடியாக உயர்ந்தன. டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் டிஜேபிடிஎன்எஸ் மென்பொருளில் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தார். விவரம் சூலை 21 அன்றே கசிந்துவிட, ஆகஸ்ட் 6 அன்று காமின்ஸ்கி முழுமையாக விளக்கினார்.

பல நிறுவனங்கள் அந்த வாரங்களில் ஒரு கசப்பான உண்மையை அறிந்தன. திருத்தம் கையில் இருந்தது. ஆனால் தங்கள் வளாகத்தில் எத்தனை ரிசால்வர்கள், எந்தெந்த முகவரிகளில் இயங்குகின்றன என்ற பட்டியல் இல்லை. எண்ணேடு சரியில்லாதபோது பெயரேட்டைக் காப்பாற்ற முடியாது.

கையொப்பமிட்ட ரூட்

முனை எண்ணை மாற்றுவது ஊகத்தைக் கடினமாக்கியதே தவிர, விடையின் உண்மையை நிறுவவில்லை. அதற்கு டிஎன்எஸ்செக் ஒன்றே வழி என்பது தெளிவானது. 2008 ஆகஸ்டில் அமெரிக்க அரசு தன் '.கவ்' களங்களுக்குக் கையொப்பமிட ஆணையிட்டது. 2010 சூன் 16 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பரில் ரூட் மண்டலத்துக்கான சாவி முதன்முறையாக உருவாக்கப்பட்டது. சூலை 15 அன்று கையொப்பமிட்ட ரூட் பயன்பாட்டுக்கு வந்தது. 2011 மார்ச் 31 அன்று '.காம்' தொடர்ந்தது.

சாவியைப் பயன்படுத்தும் சடங்கு ஆண்டுக்கு நான்கு முறை, பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் முன்னிலையில் நடக்கிறது. அதை எவரும் இணையத்தில் காணலாம். பேரிடரில் சாவியை மீட்பதற்கான பங்குகள் ஏழு பேரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் காமின்ஸ்கி. ஒரே அலுவலகத்தை நம்பிய காலம் போய், எவரும் தனியே மோசடி செய்ய முடியாத ஏற்பாட்டை நம்பும் காலம் வந்தது. அவர் 2021இல் தம் 42ஆம் வயதில் காலமானார். ரூட் சாவியை முதன்முறை மாற்றும் பணி 2017 அக்டோபரில் நடப்பதாக இருந்து, சில ரிசால்வர்கள் ஆயத்தமாக இல்லாததால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு, 2018 அக்டோபர் 11 அன்று நிறைவேறியது.

ஆயினும் '.காம்' பெயர்களில் மிகச் சிறு பங்கே இன்றும் கையொப்பம் பெற்றுள்ளது. தயக்கத்துக்குக் காரணம் உண்டு. கையொப்பம் காலாவதியானாலோ சாவி பொருந்தாவிட்டாலோ, சரிபார்க்கும் ரிசால்வர்களுக்கு அக்களம் இல்லாததாகிவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் டிஎன்எஸ்செக்கை இயக்கியபோது சிக்கல் எழ, டிஎஸ் பதிவை அவசரமாக நீக்கியது. ஏற்கெனவே ரிசால்வர்களின் கேஷில் அது 24 மணி நேரத்துக்குத் தங்கியிருந்ததால் பல பயனர்களுக்குச் சேவை தடைப்பட்டது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 'கீட்ராப்' குறை, கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலையையே சுமையாக்கி, ஒரே பொட்டலத்தால் ரிசால்வரை நெடுநேரம் முடக்க முடியும் எனக் காட்டியது.

எண்கள் தீர்ந்தபோது

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானாவிடம் மீதமிருந்த ஐந்து பெரும் ஐபிவி4 தொகுதிகள் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஏப்ரலில் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக், தன் கடைசித் தொகுதியைத் தொட்டுச் சிக்கனப் பங்கீட்டுக்கு மாறியது. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 இலட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு முகவரி 11.25 டாலர். இலவசமாகப் பெற்ற எண்கள் அதன்பின் சொத்தாயின. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் தன் மேகக் கணிமைச் சேவையில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. ஒரு முகவரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர். கணக்கில் வராத முகவரி இப்போது பணச் செலவு.

128 பிட் நீளமுள்ள ஐபிவி6, 1995 முதல் வரையறைகளில் உள்ளது. அதன் ஒரு சிறு உள்வலையிலேயே முழு ஐபிவி4 உலகைவிடப் பல கோடி மடங்கு முகவரிகள் அடங்கும். அதை எக்செல் தாளில் எழுத இயலாது. ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்துக் கணக்கெடுக்கவும் இயலாது. 2012இல் விண்டோஸ் சர்வர் தன்னுள்ளேயே முகவரி மேலாண்மை வசதியைக் கொண்டுவந்தது. 2016இல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் தன் 'நெட்பாக்ஸ்' மென்பொருளைத் திறமூலமாக வெளியிட்டது. டிஎன்எஸ், டிஎச்சிபி, முகவரி மேலாண்மை ஆகிய மூன்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைக்கும் முறை, அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிடிஐ' என வழங்கலாயிற்று.

இணைப்பு இல்லாவிட்டால் நேரும் தீங்குக்கு மேகக் கணிமை ஒரு புதிய எடுத்துக்காட்டைத் தந்தது. ஒரு நிறுவனம் விளம்பர இயக்கத்துக்காக ஒரு துணைப் பெயரை மேகத்தில் உள்ள ஒரு முகவரிக்குச் சுட்டுகிறது. இயக்கம் முடிந்ததும் வழங்கியை விட்டுவிடுகிறது. பெயர்ப் பதிவை நீக்க மறக்கிறது. அந்த முகவரி பிறகு வேறொரு வாடிக்கையாளருக்குப் போகிறது. அவர் தீயவராயின், நிறுவனத்தின் சொந்தப் பெயரிலேயே போலித் தளம் நடத்தலாம். இங்கே எந்த நெறிமுறையும் உடைக்கப்படவில்லை. எண்ணேட்டில் அடித்த வரியைப் பெயரேட்டில் அடிக்கவில்லை, அவ்வளவே.

பெயரேடு சாட்சியானது

தாக்குபவர்களுக்கும் டிஎன்எஸ் தேவை என்ற உண்மை, காவலுக்கு ஒரு வழி திறந்தது. 2009 ஏப்ரலில் கான்ஃபிக்கர் புழுவின் ஒரு வகை, நாள்தோறும் 50,000 பெயர்களை உருவாக்கி அவற்றில் சிலவற்றின் வழியே கட்டளை தேடியது. 2010இல் ஐஎஸ்சி அமைப்பு ஆர்பிசெட் எனும் முறையை அறிமுகப்படுத்தியது. தீய பெயர் எனத் தெரிந்தவற்றுக்கு விடை தராமல் ரிசால்வரே தடுத்துவிடும்.

தடுக்காத நிறுவனங்களுக்கும் பதிவுகள் கைகொடுத்தன. டிஎன்எஸ் கேள்வியின் பெயர்ப் பகுதியிலேயே தகவலைக் குறியிட்டு வெளியே கடத்த முடியும். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், தீநிரல் தான் புகுந்த நிறுவனத்தின் உள்வலைப் பெயரை இப்படிக் குறியிட்டு அனுப்பியது. டிஎன்எஸ் பதிவுகளை மாதக்கணக்கில் சேமித்தவர்கள் தாங்கள் பாதிக்கப்பட்டோமா என்பதை அவற்றில் தேடிப் பார்க்க முடிந்தது. சேமிக்காதவர்களுக்கு அந்த வழி இல்லை.

தாக்குதல் பதிவகக் கணக்கின் மீதும் வரலாம். 2019 சனவரி 22 அன்று அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, அரசுத் துறைகள் யாவும் பத்து வேலை நாட்களுக்குள் தங்கள் டிஎன்எஸ் பதிவுகளைச் சரிபார்த்து, கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்குமாறு ஆணையிட்டது. கடவுச்சொல்லைத் திருடிப் பெயர்ப் பதிவையே திருத்தும் தாக்குதல்கள் அப்போது நடந்துகொண்டிருந்தன. கணக்குக்குள் நுழைந்தவர் எழுதும் பதிவு, முறையாக எழுதிய பதிவாகவே தோன்றும்.

2018இல் வரையறுக்கப்பட்ட டிஓஎச் முறை, டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கம் செய்து வலை உலாவலோடு கலந்தனுப்புகிறது. பொது வைஃபையில் இது பயனரின் தனியுரிமையைக் காக்கிறது. நிறுவன வலையிலோ, உலாவி அலுவலக ரிசால்வரைத் தவிர்த்து வெளியே கேட்கத் தொடங்கினால், மேலே சொன்ன தடுப்பும் சாட்சியும் இல்லாமற்போகின்றன. இந்த இழுபறி இன்னும் முடியவில்லை.

முடங்கிய நாட்கள்

பாதுகாப்பு என்பது பொய்யைத் தடுப்பது மட்டுமன்று. விடை கிடைத்துக்கொண்டே இருப்பதும் ஆகும். 2016 அக்டோபர் 21 அன்று, 'மிராய்' நிரலால் கைப்பற்றப்பட்ட இணையக் கேமராக்கள் போன்ற கருவிகள் டின் எனும் பெயர்ச் சேவை நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களின் வழங்கிகள் நலமாகவே இருந்தன. அவற்றின் பெயருக்கு விடை சொல்ல ஆளில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலை ஒரு பராமரிப்புக் கட்டளையால் துண்டிக்கப்பட்டது. அதன் பெயர் வழங்கிகள் தம் வழித்தட அறிவிப்பைத் தாமே விலக்கிக்கொண்டதால், நிறுவனம் இணையத்திலிருந்து சுமார் ஆறு மணி நேரம் மறைந்தது. பழுதுபார்க்கும் உட்கருவிகளும் அதே பெயர்களை நம்பியிருந்தமையால் சரிசெய்வதும் தாமதமானது.

இன்றைய நிலை

இந்தியாவில் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் சேமிக்க வேண்டும். குறிப்பிட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கோயம்புத்தூரின் ஓர் ஆலைக்கும் சென்னையின் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். டிஎச்சிபி குத்தகையும் டிஎன்எஸ் கேள்விகளும் ஒரே நேரக் கணக்கில் பதிவாகியிருந்தால்தான் ஆறு மணி நேரத்தில் 'எந்தக் கணினி, யாருடையது' என்று சொல்ல முடியும்.

இந்த வரலாற்றின் பெரும் தாக்குதல்களில் சில நெறிமுறையின் குறையால் நேர்ந்தவை. அவற்றை வல்லுநர்கள் கூடித் திருத்தினர். நிறுவனங்களில் நாள்தோறும் நேரும் இழப்புகளில் பலவற்றுக்குக் காரணம் அதைவிட எளியது: நீக்காத பழைய பெயர், யாருடையதென்று தெரியாத முகவரி, பணிவிலகியவரின் பெயரில் தொடரும் பதிவகக் கணக்கு. ஃபைன்லரின் மையத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பொறுப்பானவர் யார் என்று தெரிந்திருந்தது. கையொப்பங்களும் தரவுத்தளங்களும் மீட்டெடுக்க முயல்வது அந்த ஒரு விடையைத்தான். ஒரு நிறுவனத்தில் பாதுகாப்பு வேலையைத் தொடங்குவோர் முதலில் எழுத வேண்டியதும் அதுவே: எங்களிடம் உள்ள பெயர்கள் எவை, முகவரிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு யார்.